ஆப்புக் கத்தியும் குழிவுக் கத்தியும்: உப்புக் காற்றில் ஒரு சவரக் கணக்கு

ஜூன் 3

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தாடி முள்ளு முள்ளாக இருக்கும். பிளேடு இரண்டு சவரத்துக்கு மேல் தாங்குவதில்லை. மடக்குச் சவரக்கத்திக்கு மாறலாம் என்று இருக்கிறேன். கனத்த ஆப்புக் கத்தி வாங்குவதா, குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய கத்தி வாங்குவதா?"

முரட்டுத் தாடிக்கு ஆப்புக் கத்திதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

எட்டு ஆண்டுகளாக இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்று தாத்தாவுடையது. அவர் கொழும்பில் கடைக்கணக்கு எழுதியவர். விடுமுறைக்கு வரும்போது தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வருவார். அப்படி ஒரு முறை பெட்டியில் வந்து சேர்ந்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக் கத்தி அது. எட்டில் ஏழு அங்குல அகலம், எருமைக்கொம்புப் பிடி. மற்றது, பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி. எட்டில் ஐந்து அங்குல அகலம், நன்றாகக் குடைந்த கன்னங்கள் (தகட்டின் இரு பக்கங்கள்), தந்தம் போல வெண்ணெய் நிறத்தில் பிடி. தாத்தாவின் கத்தியைக் கன்னத்தில் வைத்தால் அதன் கனமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சோலிங்கன் கத்தியை நாம்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஜூன் 4

ஆப்பு என்று எதைச் சொல்கிறேன் என்று இருவர் கேட்டிருப்பதால் விளக்குகிறேன். சவரக்கத்தியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தடித்த முதுகு, கீழே வாய். இரண்டுக்கும் நடுவிலுள்ள கன்னங்கள் தட்டையாகவே இறங்கினால் அது ஆப்பு. விறகு பிளக்கச் செருகும் ஆப்பின் உருவமேதான். கன்னங்களை உருளும் சாணைக்கல்லில் வைத்து உள்வாங்கக் குடைந்தால் அது குழிவு. குடைந்த அளவைப் பொறுத்துக் கால் குழிவு, அரைக் குழிவு, முழுக் குழிவு என்று பெயர் மாறும். சாணைச் சக்கரத்தின் விட்டம் பெரிதாக இருந்தால் குழிவு ஆழமில்லாமல் அமையும். சக்கரம் சிறுக்கச் சிறுக்கக் குழிவு ஆழமாகும். முழுக் குழிவில் வாயை ஒட்டிய தகடு காகிதம் போல மெலிந்திருக்கும். அது மடங்கிப் போகாமல் தாங்குவதற்கு, நடுவயிற்றில் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு வரம்பை விட்டிருப்பார்கள்.

1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த ஊர்க் கத்திகள் உலகெங்கும் போயின. அவற்றில் பழையவை பெரும்பாலும் கனத்த கத்திகள். குழிவை மெல்ல மெல்ல ஆழப்படுத்தி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை ஒரு கலையாகவே ஆக்கியவர்கள் சோலிங்கன்காரர்கள்.

ஜூன் 4, இரவு

மேலே எழுதியதில் ஒரு பிழை. எழுதி முடித்த கையோடு தாத்தாவின் கத்தியின் கன்னத்தில் எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்து விளக்கின் முன்னே பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிகிறது. எனவே இது அசல் ஆப்பு அன்று. பெரிய சக்கரத்தில் மிக இலேசாகக் குடைந்த, ஆப்பை ஒட்டிய கத்தி. எட்டு ஆண்டுகளாக ஆப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். இனியும் அப்படித்தான் சொல்வேன், சுருக்கமாக இருக்கிறது.

வால்பகுதியில் ஷெஃபீல்டு என்பதோடு இங்கிலாந்து என்றும் பொறித்திருக்கிறது. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகு இப்படி நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலாயிற்று. ஆகவே கத்தி அதற்குப் பிந்தியதாக இருக்கலாம். தாத்தா வாங்கும்போதே அது பழைய கத்தியாக இருந்திருக்கவும் கூடும். புதியதை வாங்கும் ஆள் இல்லை அவர்.

ஜூன் 10

முதல் நாள் அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆறு நாள் ஒரு சோதனை செய்தேன். இரண்டு கத்திகளையும் ஒரே தோல்வாரில், ஒரே எண்ணிக்கையில், ஐம்பது இழுப்பு தீட்டிக்கொண்டு, வலக் கன்னத்தை ஆப்பாலும் இடக் கன்னத்தைக் குழிவாலும் மழித்தேன். மறுநாள் பக்கம் மாற்றினேன். மாலை ஆறு மணிக்கு எந்தக் கன்னத்தில் தாடி அதிகம் சொரசொரக்கிறது என்று மனைவியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்; எந்தக் கத்தி எந்தப் பக்கம் என்று அவரிடம் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் பொறுமையாகச் சொன்னார். மூன்றாம் நாள், "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றார். ஆறு நாளில் மூன்று முறை ஆப்பு, இரண்டு முறை குழிவு, ஒரு முறை இரண்டும் ஒன்று. இதை வைத்து எந்தக் கத்திக்கும் பட்டம் கட்ட முடியாது.

பிறகுதான் அளவெடுத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கும். எனவே வாயின் கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிப்புக்கும் கத்தியின் அகலத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே; நடுவில் குடைந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு அதில் இடமே கிடையாது. தாத்தாவின் கத்தி 22 மில்லிமீட்டர் அகலம், 6.4 மில்லிமீட்டர் முதுகு. கோணம் பதினாறரை பாகை. சோலிங்கன் கத்தி தேய்ந்து 15.5 மில்லிமீட்டர் அகலம், 4.4 மில்லிமீட்டர் முதுகு. கோணம் பதினாறு பாகைக்குச் சற்று மேல். கறிவெட்டும் கத்தியையும் பேனாக்கத்தியையும் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டும், மயிரைத் தொடும் இடத்தில் ஏறத்தாழ ஒரே கத்தி.

எடையைத்தான் கூர்மை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 11

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்று மண்டபத்துக்காரர் சற்றுக் கோபமாகவே கேட்கிறார். இருக்கிறது, ஆனால் கையிலும் காதிலும்.

குழிவுக் கத்தி பேசும். மெல்லிய தகடு மயிர் அறுபடும்போது அதிர்ந்து, சருகில் ஓணான் ஓடுவது போல ஒரு சத்தம் எழுப்பும். சத்தம் மாறினால் கோணம் மாறிவிட்டது, அல்லது வாய் மழுங்கத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி. ஆப்புக் கத்தி ஊமை. மழிக்கிறதா, வெறுமனே நுரையை வழிக்கிறதா என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு ஈடாக, தாடையின் கீழே மயிர் சுழித்து வளரும் இடத்தில் ஆப்பு தயங்காமல் போகும். குழிவு அங்கே ஒரு கணம் நெளிந்து தாண்டுவதை விரல் உணரும்.

இன்னொன்று நுரை. குழிவுக் கத்தியின் கன்னப் பள்ளம் வழித்த நுரையை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆப்பில் நுரை முதுகைத் தாண்டி விரல்களில் வழியும். வழுக்கும் விரலோடு கூர்வாயைப் பிடிப்பது நல்லதில்லை என்பதை இடக் காது மடலில் உள்ள ஒரு சிறு கீறலோடு சொல்கிறேன். படிகாரக் கட்டியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

மூக்கின் கீழே ஆப்பு நுழைய மாட்டேன் என்கிறதே என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். அது அகலத்தின் குற்றம். எட்டில் ஏழு அங்குலக் குழிவுக் கத்தியும் அங்கே திண்டாடும்.

ஜூன் 17

கல்லுக்கு வருவோம். இரண்டு கத்திகளும் உண்மையாகப் பிரிவது இங்கேதான், இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

குழிவுக் கத்தி கல்லில் முதுகின் ஒரு கீற்றிலும் வாயின் ஒரு கீற்றிலும் மட்டுமே படியும். எட்டாயிரம் எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) இருபது முப்பது இழுப்பு, பன்னிரண்டாயிரத்தில் அவ்வளவே, முடிந்தது. ஆப்பு அப்படி இல்லை. அசல் ஆப்பானால் கன்னம் முழுவதும் கல்லில் உட்கார்ந்துவிடும். கூர் ஏற வேண்டுமானால் முழுக் கன்னத்தையும் தேய்த்தாக வேண்டும். என் கத்தி அசல் ஆப்பு இல்லாதிருந்தும், வாயை ஒட்டி நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டை விழுந்திருக்கிறது. ஆயிரம் எண் கல்லில் மூன்று மாலைகள் தேய்த்தேன். கல்லின்மேல் கறுப்புச் சேறு கட்டுகிறது, நீர் ஊற்றி வழிக்கிறேன், மறுபடியும் சேறு. மூன்றாம் மாலை பார்த்தால் இரு நுனிகளும் கூராகவும் நடு வாய் மழுக்கமாகவும் இருக்கின்றன. கத்தியைத் திட்டிக்கொண்டே கல்லின்மேல் அளவுகோலை வைத்தேன்: கல் நடுவில் குழிந்திருந்தது. குழிவு கத்தியில் இல்லை, கல்லில் இருந்தது. கல்லைச் சமன் செய்ய இன்னொரு மாலை போயிற்று.

முதுகில் மின்வேலைக்காரர்கள் சுற்றும் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக்கொண்டால் இந்த வேலை பாதியாகும். கோணம் முக்கால் பாகை கூடும். கல் வாயின் ஓரத்தை மட்டும் தொடும். டேப் தேயத் தேய மாற்ற வேண்டும். கத்தியை ஏமாற்றும் வேலை இது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

குழிவுக் கத்திக்கும் ஒரு தொல்லை உண்டு. கல்லில் அழுத்தினால் மெல்லிய வாய் மேல்நோக்கி வளைந்துகொள்ளும்; தேய்வது ஓரிடமும் கூர் வேண்டியது ஓரிடமுமாகிவிடும். கத்தியின் எடைக்கு மேல் ஒரு குன்றிமணி அழுத்தமும் கூடாது.

சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அதன்மேல் அரிவாளை மடக்கி மடக்கி இழுப்பார்கள். பாளையைச் செதிள் செதிளாகச் சீவ வேண்டும். கூர் குறைந்தால் பாளை நசுங்கும், பதநீர் சுரக்காது. பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தோலில் தடவிச் சவரக்கத்தியை இழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 25

பாம்பனில் தொழிலை விட்டுவிட்ட முடிதிருத்தும் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு கத்திகளையும் எடுத்துச் சென்றேன். தாத்தாவின் கத்தியை வாங்கி, விரித்து, வாயைப் பார்க்காமல் முதலில் பிடியின் ஆணியை அசைத்துப் பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேட்டில் கத்தியை முன்னும் பின்னும் பத்து முறை ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கத்தி முதுகின்மேல் புரண்டதே தவிர வாய்ப்பக்கம் ஒரு முறையும் புரளவில்லை. "வாரு கிடைக்காத எடத்துல இதுதான் தம்பி வாரு" என்றார். அந்த உள்ளங்கை பழைய செருப்புத் தோல் போலப் பளபளப்பாக இருந்தது.

எது நல்லது என்று கேட்டேன். "அடுத்தவன் மொகத்துக்குக் கனத்தது, சொந்த மொகத்துக்கு மெல்லிசு" என்றார். அடுத்தவர் முகத்தை மழிக்கிறவரின் கை மேலிருந்து கீழே வருவதால் கனம் துணை செய்கிறது; தனக்குத்தானே மழிக்கிறவரின் கை கோணல்மாணலாகத் திரும்புவதால் கனம் சுமையாகிறது. நான் அப்படி யோசித்ததே இல்லை.

கத்தியை ஏன் விட்டீர்கள் என்றும் கேட்டேன். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்த நோயின் பேச்சு கடற்கரைக் கிராமங்கள்வரை வந்து சேர்ந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் "புது பிளேடு போடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்களாம். பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகும் பிடி வந்தது; கல்லும் வாரும் பரணுக்குப் போயின. இன்று அக்கினி தீர்த்தக் கரையில் மொட்டையடிப்பவர்கள் கையில் இருப்பதும் அந்தப் பாதி பிளேடுதான். அதில் ஆப்பும் இல்லை, குழிவும் இல்லை.

ஜூன் 26

கீழக்கரைக் காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் சண்டைக்கு வருகிறார்: பாதி பிளேடே போதுமென்றால் நாம் எதற்காக இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று. காக்கா, பதில் இல்லை.

ஜூலை 2

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கிவிட்டது. சன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுக்கு. கடற்கரையில் இருப்பவருக்குக் குழிவுக் கத்தி ஆகாது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டையும் ஒரே அலமாரியில்தான் வைக்கிறேன். சோலிங்கன் கத்தியின் கன்னத்தில் மிளகுப்பொடி தூவியது போல மறுபடியும் துருப்புள்ளிகள். தாத்தாவின் கத்தியில் ஒன்றுகூட இல்லை. மெல்லிய தகட்டைத் துரு சீக்கிரம் தின்னும், தடித்தது தாங்கும் என்று ஊகிக்கிறேன். சவரக்கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புள்ளது. அங்கே ஒரு துருப்புள்ளி விழுந்தால் அது பல் போன வாய்தான்.

மழித்து முடித்ததும் செய்ய வேண்டியவை: நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கிணற்று உவர்நீரில் கழுவாதீர்கள், மெல்லிய தாளால் ஒற்றுங்கள், வாரில் நாலு இழுப்பு இழுத்தால் ஈரம் போகும், தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நான் தடவியிருந்தேன், பத்து நாளில் காறிப் பிசினாகி, அதில் தூசி ஒட்டிக்கொண்டது.

நுரைக்கும் இதே தண்ணீர்க் கதைதான். உவர்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் தயிராகத் திரித்துவிடும். எவ்வளவு குழைத்தாலும் நுரை வராது, வந்தாலும் நிற்காது. காவிரிக் குடிநீர் வரும் நாளில் ஒரு போத்தல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது வராத நாளில் மழைநீர். எந்தக் கத்தி என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது நம் பக்கத்துச் சவரத்தில் பெரிய கேள்வி என்று எனக்குச் சில நாளாகவே ஐயம்.

ஜூலை 11

ஜூலை 2ஆம் தேதிக் குறிப்பின் முதல் பத்தியை அடித்துவிட்டுப் படியுங்கள். துருவுக்கும் குழிவுக்கும் சம்பந்தமில்லை.

துருப்புள்ளிகள் விழுந்த இடத்தை இந்த முறை கண்ணாடியில் பெருக்கிப் பார்த்தேன். காற்றின் குற்றமாக இருந்தால் கத்தி முழுவதும் புள்ளி விழுந்திருக்க வேண்டும். ஆனால் மடக்கி வைக்கும்போது பிடிக்குள் போகும் பகுதியில் மட்டும் புள்ளி இருக்கிறது. பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முதுகு கண்ணாடி போல இருக்கிறது. பிடியின் பித்தளை ஆணித்தலைகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பிடியை வெந்நீரில் நனைத்த துணியால் தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை.

தந்தம் போல என்று நான் பெருமையாக எழுதிய பிடி செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக் அது. வயதாகிச் சிதையத் தொடங்கினால் அமிலப் புகையை வெளியிடும். ஈரக் காற்றில் அந்தப் புகை எஃகைத் தின்னும். நம் வெக்கையும் ஈரமும் அந்தச் சிதைவை விரைவுபடுத்தியிருக்கும் என்பதால் கடலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் தகட்டின் மென்மை எந்தப் பாவமும் செய்யவில்லை. தாத்தாவின் கத்தி தப்பியது தடிப்பினால் அன்று, எருமைக்கொம்பினால். கொம்பைப் பூச்சி அரிக்கும், இரும்பை அது ஒன்றும் செய்யாது.

பழைய கத்தி வாங்குகிறவர்கள் வாயைப் பார்ப்பதற்கு முன் பிடியை முகர்ந்து பாருங்கள். பெரியவர் முதலில் ஆணியைத் தொட்டதன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, அல்லது விளங்குவதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 12

செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கத்திலோ சாமி விளக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 20

மண்டபத்துக்காரர் நம் சண்டை தீரும்வரை காத்திருக்காமல் எட்டில் ஆறு அங்குலத்தில் அரைக் குழிவுக் கத்தி ஒன்றை வாங்கிவிட்டார். நல்ல முடிவு. முதல் கத்தியாக ஆப்பை வாங்காதீர்கள் என்றுதான் நானும் இப்போது சொல்வேன். சவரத்தில் அது குறைந்ததில்லை. கல்வேலை தெரியாதவர் கையில் அது முதல் மழுக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும். அவருடைய முள்ளுத் தாடிக்கு நான் சொல்வது இதுதான்: குளித்த பிறகு மழியுங்கள், நல்ல தண்ணீரில் நுரை குழைத்து மூன்று நிமிடம் ஊறவிடுங்கள், முதுகைத் தோலிலிருந்து முப்பது பாகைக்கு மேல் தூக்காதீர்கள். வாரைத் தொய்வாகப் பிடித்து இழுத்தால் வாய் உருண்டுவிடும், இறுக்கிப் பிடியுங்கள்.

நான் சோலிங்கன் கத்தியின் ஆணிகளை அரம் வைத்துத் தேய்த்துப் பழைய பிடியைக் கழற்றிவிட்டேன். பூவரசங்கட்டையில் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது.

ஜூலை 29

கழற்றிய செல்லுலாய்டுப் பிடியை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, கூடவே புதிய இரும்பாணி ஒன்றையும் போட்டுத் திண்ணையில் நிழலில் வைத்திருந்தேன். அதே கடையில் வாங்கிய இன்னோர் ஆணியைப் பக்கத்தில் வேறொரு குப்பியில் தனியாக மூடி வைத்தேன். ஒன்பது நாளாயிற்று. பிடியோடு இருந்த ஆணி செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. தனியாக இருந்தது கடையில் வாங்கியபடியே இருக்கிறது.